காருக்குள் குடை பிடித்தவர்

உலகத்தில் கூரை உள்ள கார் ஓட்டுகிறவர்கள் உண்டு. கூரை இல்லாத கார் ஓட்டுகிறவர்களும் உண்டு. கூரை உள்ள காருக்குள் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு ஓட்டியவர், கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே எங்கள் பிளசர் அண்ணன் ஒருவர்தான்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் இன்னொரு குடையோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில், ஒரு மேட்டில் அவர் வீடு. பின்னால் கொஞ்சம் ரப்பர் மரம், முன்னால் ஓலைக் கொட்டகை, கொட்டகைக்குள் அந்த வண்டி. உலக யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய வண்டி. தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அண்ணனின் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனாராம். யாராவது தெரியாமல் அதைக் கார் என்று சொல்லிவிட்டால் அண்ணனுக்கு முகம் சிவந்துவிடும்.

"காரு எல்லாவனுக்கும் உண்டு. இது பிளசராக்கும்!"

பிளசரின் வேகம் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஒருமுறை சவ ஊர்வலம் ஒன்று எங்களுக்கு வழி கேட்டு ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது. பத்தாம் வகுப்போடு சரி. பேச்சும் அவ்வளவாக வராது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டால் யாரும் அதிகம் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பதும் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம்.

அப்படிப்பட்ட என்னைத்தான் அண்ணன் ஒரு மழைநாளில் களியக்காவிளைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே மூன்று இடத்தில் ஒழுகியது. அவர் இடது கையில் குடை, வலது கையில் ஸ்டியரிங். கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் குடையை என்னிடம் தருவார். அப்போது என் கையில் இரண்டு குடை. சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"என்ன வேய் இது? குடை எதுக்கு?"

"மழைக்கு."

"மழை வெளியதானே பெய்யுது?"

"உள்ளயும் பெய்யுது சார். கைய நீட்டிப் பாரும்."

அவர் கையை நீட்டினார். உள்ளங்கையில் சொட்டியது. பிறகு தலையை வெளியே எடுத்து வானத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே விட்டுக் கூரையைப் பார்த்தார். எந்தக் குற்றத்துக்கு எழுதுவது என்று அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். போகச் சொல்லிவிட்டார்.

ஒழுகுகிற வண்டியை வைத்துக்கொண்டு இப்படிச் சுற்றுகிறவருக்குக் கவலையே இருக்காது என்றுதான் ஊர் நினைத்தது. ஆனால் இருந்தது. அந்தக் கவலையின் பெயர் கனகபாய் அக்கா, அண்ணனின் ஒரே தங்கை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண்கள் கல்யாணத்துக்குப் பிளசரில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும். அவர்கள் அம்மா போனது அதில், கனகபாய் அக்கா போனது அதில். அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தன்றும் அண்ணன் வண்டியைத் துடைத்துப் பூ கட்டி நிறுத்தினார். வழியில் நல்ல மழை. கூரையிலிருந்த பழைய கறுப்புத் துணியின் சாயம் கரைந்து, மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டுச் சேலையில் தோளிலிருந்து முட்டி வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பெண் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் நிற்பாள்.

அன்றைக்கே சர்ச் வாசலில் வைத்து அக்கா சொல்லிவிட்டார். "இனி உனக்க வாசல் நடை மிதிக்க மாட்டேன். உங்கிட்ட பேசவும் மாட்டேன்."

எட்டு வருஷம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது தென்னை மரம்தான் தூரம்.

இப்போது இரண்டாவது மகள் ஜெபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதுவும் ஜூன் மாதத்துக்கு, இடவப்பாதி மழை கொட்டுகிற நேரம். அக்காவுக்கு ஜாக்கெட் தைப்பவன் நான் என்பதால் அண்ணன் என் கடைக்கு வந்தார்.

"மக்கா, தங்கச்சிகிட்ட சொல்லணும். கூரைய மொத்தமா மாத்திப் புதுசாக்குவேன். ஜெபாவ பிளசர்லதான் கொண்டு போணும்."

சொன்னேன். அக்கா தைத்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"ஒரு துள்ளி வெள்ளம் உள்ள விழுந்தாலும், அந்தாளு செத்தாக்கூட எட்டிப் பாக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு."

நான் போய், "யோசிக்கலாம்னு சொன்னாவ அண்ணே" என்றேன்.

அண்ணன் அன்றைக்கே கூரையைப் பிரித்துவிட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காலத்தில் முழுக் கூரையையும் தகரத்திலேயே அடிக்கத் தெரியாதாம். ஓரம் மட்டும் தகரம். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டையில் மரச்சட்டம், அதன்மேல் கோழிக்கூட்டுக்குப் போடுகிற கம்பி வலை, அதன்மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் தண்ணீர் இறங்காத கறுப்புத் துணி, சுற்றிலும் ஆணி. உள்பக்கம், நாம் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற இடத்தில், இன்னொரு துணி. அது ஆறு வளைந்த மரக்குச்சிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். பஞ்சுக்குள் எலிகள் பல தலைமுறையாகக் குடியிருந்திருக்கின்றன. சர்ச் பாட்டுத்தாள், கடலைத் தோல், ஒரு மணப்பெண்ணின் கையுறை எல்லாம் கிடைத்தன. கையுறை அம்மாவுடையதா தங்கையுடையதா என்று அண்ணன் அரை மணி நேரம் முகர்ந்து பார்த்தார். எலி வாசம்தான் வந்திருக்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் சீட் கவர் தைக்கிறவரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்து, "பசை தடவி ஒட்டிரலாம் அண்ணே, ஒரு மணி நேரத்து வேலை" என்றார். பிளசருக்குப் பசையா என்று அண்ணன் அவரை வாசல் வரை துரத்திவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"நீ தைப்பியா?"

"எனக்கு ஜாக்கெட்டும் பாவாடையும்தான் அண்ணே..."

"பாவாடைக்கு நாடா கோக்க மேல மடிச்சுத் தைப்பியல்லியா? அதே மடிப்பு. நாடாவுக்குப் பதிலா குச்சி. ஆறு பாவாடைய வரிசையா சேத்துத் தச்சா கூரை. இதுல வெளங்காம என்ன கெடக்கு?"

எனக்கு விளங்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

அளவெடுக்க என்னை வண்டிக்குள் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். ஆட்கள் நின்றுதான் எனக்கு அளவு கொடுத்துப் பழக்கம். அளவெடுக்கிறவன் படுத்தது அதுதான் முதல் தடவை. படுத்துக்கொண்டு பார்த்தால் இடது வலதாகிவிட்டது. மேல் எது கீழ் எது என்றும் குழம்பிவிட்டது. துணியின் நல்ல பக்கம் கீழே பார்க்க வேண்டுமாம், மடிப்பு மேலே போக வேண்டுமாம், ஆனால் நான் கீழே இருப்பதால் எனக்கு மேலே தெரிவது துணிக்குக் கீழாம். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது தாளையே எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை.

பதினைந்து நாள் தைத்தேன். சந்தன நிறக் கம்பளித் துணி, விலை உயர்ந்தது. மாட்டிவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்தோம். மடிப்புகள் ஆறும் உள்பக்கமாக, எங்கள் தலைக்கு மேல் வரிசையாகத் தொங்கின.

அண்ணன் ஒரு மடிப்பை விரலால் தட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு பையச் சொன்னார்.

"மக்கா, இது பிளசர் இல்ல. பாவாடை காயப்போட்ட கொடி."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவரே உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக பிளேடால் பிரித்துக் கொடுத்தார். மூன்று நாள். திருப்பித் தைத்தேன். இந்தமுறை சரியாக வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து வெளிக்கூரை. புதுத் துணி போட்டு ஆணி அடித்தார். அடித்து முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"லேய், துணி பறக்காம இருக்க ஆணி அடிக்கணும். ஆணி அடிச்சா ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா ஒழுவும். ஒழுவாம இருக்கத்தானே துணி போட்டோம்?"

"ஆமா அண்ணே."

"அப்போ?"

நான் ஆணிகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் பின்பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு வாளி ரப்பர் பால் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வெள்ளம் ரப்பர்ல ஏறுமா? ஏறாது. இந்த புத்தி இத்தன நாளும் எங்க போச்சு!"

ரப்பர் ஷீட் அடிக்க உறைய வைப்பதுபோலவே ஆசிட் கலந்து, ஒரு வாளிப் பால் முழுவதையும் கூரையில் ஊற்றிவிட்டார். மறுநாள் இன்னொரு வாளி. கூரை தயிர்போல உறைந்தது. உறைந்ததே தவிர, உலரவில்லை. பிறகு ஒரு வாரம் அந்தக் கூரை தன் இஷ்டத்துக்குப் பொருள் சேகரித்தது. பலா இலை ஒட்டியது. பக்கத்து வீட்டுக் கோழி ஏறி, இறங்க முடியாமல் கத்தி, மூன்று இறகை விட்டுவிட்டுப் போனது. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற விஷயமாக வந்த சபைப் போதகர் பேச்சு சுவாரசியத்தில் கூரைமேல் கையை ஊன்றிவிட்டார். அன்று அவர் சொன்ன ஜெபம் வழக்கத்தைவிட நீளம். கையை எடுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஷீட்ட எப்படி உணத்துவோம்? புகை போட்டுல்லா?" என்றார் அண்ணன்.

வண்டிக்கா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கூரைக்கு மேல் தார்ப்பாயைக் கூடாரம்போலக் கட்டி, நாலு பக்கமும் சட்டியில் தேங்காய்ச் சிரட்டையும் தொண்டும் போட்டு மூட்டம் போட்டார். நான் தைத்த துணி கறுத்துவிடக்கூடாதே என்று கண்ணாடிகளை ஏற்றி, இடுக்கில் எல்லாம் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டார். நாலு நாள் புகைந்தது. முதல் நாளே பிளசர் எரிகிறது என்று ஊர் பாதி வாளியோடு ஓடி வந்தது. கூட்டத்துக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே, கனகபாய் அக்காவும் ஒரு குடத்தோடு நின்றார். அண்ணன் உயிரோடு சிரட்டை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் குடத்துத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் பார்த்தேன். அண்ணனிடம் சொல்லலாமா கூடாதா என்று புரியாததால் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கூரை தேன் நிறத்தில் கெட்டியாகிவிட்டது. தட்டினால் மத்தளம். அண்ணன் மேலே குடம் குடமாக ஊற்றினார். உள்ளே ஒரு துளி இல்லை.

கல்யாணம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், பொத்துக்கொண்டு ஊற்றுகிற மழையில், உள்ளே ஒரு துளி இல்லை என்று நான் போய்ச் சொன்னதை நம்பாமல் அக்கா சோதனை போட வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றார். அண்ணன் பிளசரை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா முன்சீட்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் வெளியே, ஜன்னலோரம், குடையோடு.

"வண்டிக்காரர்கிட்ட கேளு, ஏதோ நாத்தம் அடிக்குதே, என்னது?" என்றார் அக்கா என்னிடம்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"புகை. ரெண்டு நாள்ல போயிரும்னு சொல்லு" என்றார் அண்ணன் என்னிடம்.

"ரெண்டு நாள்ல..."

"கேட்டுச்சு. எனக்குக் காது உண்டு."

அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் மழை கொட்டியது. உள்ளே ஒரு துளி விழவில்லை. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை போலும். சீட்டிலிருந்து எக்கி, மூக்கை வைத்து, துணியை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். பிறகு எக்கிய நிலையிலேயே, "செரி. வண்டி போவட்டும். பிள்ளைய ஏத்தட்டும். நான் ஆட்டோல வாறேன்னு சொல்லு" என்று இறங்கப் போனார்.

இறங்கவில்லை. கழுத்து மட்டும் பின்னால் நின்றது.

"என்னது இது? எவன் முடியப் பிடிக்கது?"

யாரும் பிடிக்கவில்லை. ஊற்றிய பாலில் கொஞ்சம் ஆணி ஓட்டை வழியாகப் பஞ்சுக்குள் இறங்கி, நான் தைத்த துணியிலும் ஊறியிருக்கிறது. மேலே புகை பட்டு உலர்ந்துவிட்டது. உள்ளேதான் அண்ணன் புகையே போகவிடவில்லையே! சந்தன நிறத் துணியில் பாலின் நிறம் யாருக்குத் தெரியும்? அக்கா எக்கியபோது அவருடைய உயர்ந்த கொண்டை அந்த இடத்தில் போய் அழுத்தமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்ணன் இழுத்துப் பார்த்தார். அக்கா கத்தினார். நான் இழுக்கவில்லை. இழுக்கலாமா என்று தெரியவில்லை.

"தேங்காண்ணெய் போட்டா விடும்" என்றேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கையில் அதைத்தான் போடுவார்கள்.

"எண்ணெ போட்டா துணி போச்சுல்லா!" என்றார் அண்ணன்.

"கத்திரி எடுலே" என்றார் அக்கா. "ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு நாளாக்கும். எனக்க முடில கை வச்சா, கைய ஒடிச்சுப்போடுவேன்."

கத்திரி எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்தேன். முடியை வெட்டக்கூடாது. துணியை வெட்டினால் அண்ணனின் இரண்டு மாத உழைப்பு வீண். ஜெபா உட்காரப்போகிற வண்டியின் நடுக்கூரையில் ஓட்டை. மழையில் நனைந்துகொண்டு, கத்திரியைத் திறந்து பிடித்தபடி, நான் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அக்காவுக்குக் கழுத்து கோணி, கண்ணில் வலி.

"துணிய வெட்டு மக்கா."

"அண்ணே, துணியவா?"

"துணியத்தாம்லே."

"ஓட்டை தெரியுமே அண்ணே..."

"அவளுக்குக் கழுத்து வலிக்குதுல்லா! வெட்டு!"

வெட்டினேன். பப்படம் அளவுக்கு ஒரு வட்டம். அக்கா விடுபட்டார். அந்த வட்டம் கொண்டையோடு போய், உச்சியில் தொப்பிபோல உட்கார்ந்துகொண்டது. அக்கா குனிந்து ஓட்டுநர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபக்கம் திரும்பிப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தலைல ஆப்பத்த வச்சிட்டியே அண்ணா!" என்று சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். அண்ணன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஹாரனை ஒருமுறை அடித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மேலே ஓட்டையைப் பார்த்தார். அதன் வழியாகப் பஞ்சு தெரிந்தது. மழை தெரியவில்லை.

"ஒழுவல்ல அண்ணா" என்றார்.

இப்போது அவர் என்னிடம் சொல்லவில்லை.

பிறகு வண்டியிலிருந்து இறங்கி, எட்டு வருஷமாக மிதிக்காத நடையை மிதித்து, நேராக அடுக்களைக்குப் போய், "தேங்காண்ணெய எங்க கொண்டு வச்சிருக்க? ஒரு சாமானும் இருந்த இடத்துல இல்ல. இது என்ன வீடா, காடா?" என்று சத்தம் போட ஆரம்பித்தார். அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

கம்பளித் துணியில் மிச்சம் இல்லை. கல்யாணத்துக்கு அக்காவுக்குத் தைத்த ஜாக்கெட் துணியில்தான் கொஞ்சம் துண்டு மீதி இருந்தது, கிளிப்பச்சை. அதை வட்டமாக மடித்து ஓட்டையில் தைத்தேன். இந்தமுறையும் மல்லாக்கப் படுத்துத்தான். வியாழக்கிழமை மழை விடவில்லை. ஜெபா வெள்ளைச் சேலையோடு பின்சீட்டில் ஏறினாள். முன்சீட்டில் அக்கா, பச்சை ஜாக்கெட்டில், கொண்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டிருந்தார். ஜெபா அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, அங்க மட்டும் என்ன பச்சை?"

"அது உனக்க அம்மைக்க எடமாக்கும்" என்றார் அண்ணன்.

சர்ச் வந்து சேரும்வரை ஒரு துளி விழவில்லை. ஆனால் வண்டியை விட்டு இறங்கும்போது அண்ணனின் கண்ணுக்குக் கீழே ஈரமாக இருந்தது. கூரையிலிருந்துதான் விழுந்ததோ என்று நான் பயந்துபோய்த் துணியைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

இப்போதும் ஒவ்வொரு இடவப்பாதிக்கும் அண்ணனிடமிருந்து போன் வரும். "மக்கா, ஒழுவுதான்னு வந்து பாரு." போவேன். மழை கொட்டும்போது பின்சீட்டில் மல்லாக்கப் படுத்து அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அக்கா அடுக்களையிலிருந்து கட்டன்சாயா கொடுத்துவிடுவார். அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னடே, எப்படி?" என்பார்.

ஒழுகவில்லை. ஒரு வருஷமும் ஒழுகியதில்லை. ஆனாலும் நான், "லேசா ஒழுவுற மாதிரிதான் இருக்கு அண்ணே, அடுத்த மழைக்கும் ஒருக்கா பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.